மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்: உங்கள் கார் பில்லில் இருக்கும் அந்த இன்ஜினீயர் யார்?

ஓசூரில் வேலை, மாரண்டஹள்ளியில் வீடு. வாரக் கடைசியில் ராயக்கோட்டை வழியாகக் காரில் வந்து போகிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்யும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் டொக் டொக்குன்னு தட்டும். பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு தடவை குலுங்கி நிற்காமல் மூன்று தடவை ஆடும். மெக்கானிக் குனிந்து பார்த்து, ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கும் குழாயைக் காட்டி, ஸ்ட்ரட் போயிடுச்சு என்பார். இரண்டு பக்கமும் மாற்றணும், அரை நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க, அப்புறம் அலைன்மென்ட் பார்க்கணும் என்று அடுத்தடுத்து சொல்வார்.

பைக்கில் ஷாக் அப்சர்பர் மாற்ற மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். அரை மணி நேர வேலை. காரில் மட்டும் ஏன் அரை நாள்? பாகத்தின் விலையோடு நிற்காமல் மவுன்ட், பேரிங், லேபர், அலைன்மென்ட் என்று பில் ஏன் நீள்கிறது?

இதற்கான பதில் கார் வாங்கும்போது கொடுத்த பிரோஷரிலேயே இருக்கிறது. முன் சஸ்பென்ஷன் என்ற வரிக்கு எதிரே பெரும்பாலான கார்களில் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்றுதான் போட்டிருப்பார்கள். ஏதோ கம்பெனி பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். காரைத் தொழிற்சாலையில் சீக்கிரமாகவும் மலிவாகவும் செய்ய வழி தேடி வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட அமெரிக்க இன்ஜினீயர் அவர். அவர் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பங்கு, பல ஆண்டுகள் கழித்து ஒர்க்‌ஷாப் பில்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

டெட்ராய்ட்டுக்கு வந்த இளைஞர்

ஏர்ல் ஸ்டீல் மேக்ஃபர்சன் 1891-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், ஹைலேண்ட் பார்க்கில் பிறந்தார். 1915-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கையோடு டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குக் கார் செய்யத் தெரிந்தவர்களும் செய்ய நினைத்தவர்களும் போய்ச் சேர்ந்த ஊர் அது. சால்மர்ஸ் மோட்டார் கம்பெனியில் முதல் வேலை. முதல் உலகப் போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது விமான இன்ஜின் வேலை.

போர் முடிந்து திரும்பியவர் லிபர்ட்டி என்ற கார் கம்பெனியில் சேர்ந்தார். 1920-களின் தொடக்கத்தில் அங்கிருந்து ஹப்மொபைல் கார்களைச் செய்த ஹப் கம்பெனிக்கு மாறினார். சால்மர்ஸ், லிபர்ட்டி, ஹப் மூன்றும் இன்று இல்லை. டெட்ராய்ட்டில் சின்ன கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், 1934-ல், ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதன் செவர்லே பிரிவின் தலைமை வடிவமைப்பு இன்ஜினீயர் ஆகிவிட்டார்.

ஆயிரம் டாலர் கார்

இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம். போருக்குப் பிறகு மக்கள் கையில் பணம் இருக்காது, சின்ன கார்தான் விற்கும் என்று கணக்குப் போட்ட ஜெனரல் மோட்டார்ஸ், 1945-ல் ஒரு சிறிய செவர்லே காரை உருவாக்கும் பொறுப்பை மேக்ஃபர்சனிடம் கொடுத்தது. கேடட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விலை 1,000 டாலருக்குள் இருக்க வேண்டும். எடை சுமார் 1,000 கிலோவைத் தாண்டக் கூடாது. நான்கு பேர் வசதியாக உட்கார வேண்டும்.

பெரிய காரைச் சுருக்கிச் சின்ன கார் செய்வது எளிது என்று தோன்றும். அது அப்படி நடக்காது. ஆறு அடி மனிதர் சின்ன காரில் உட்கார்ந்தாலும் ஆறு அடிதான். காரைச் சிறிதாக்கினால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் ஒதுக்கிய இடத்தில்தான் கை வைக்க வேண்டும். விலையும் குறைய வேண்டும் என்றால் பாகங்களின் எண்ணிக்கையிலேயே கை வைக்க வேண்டும்.

அப்போதைய அமெரிக்க கார்களின் முன் சஸ்பென்ஷன் எப்படி இருந்தது என்று பார்த்தால் அவர் செய்தது புரியும். ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு கைகள் பிடித்திருக்கும்: மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு கைக்கும் புஷ், மூட்டு எல்லாம் உண்டு. நடுவில் சுருள் ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சர்பர் தனியாக. வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆனால் அந்த மேல் கை, இன்ஜினுக்கு வேண்டிய இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் தின்றுவிடும்.

மேக்ஃபர்சன் அந்த மேல் கையையே தூக்கி எறிந்தார். ஷாக் அப்சர்பரை நல்ல தடிமனான தூணாக மாற்றினார். அதன் அடிப்பகுதியைச் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடு இறுக்கமாகப் பூட்டினார். தலைப்பகுதியைக் காரின் பாடியில் ஒரு ரப்பர் மவுன்ட் வழியாக மாட்டினார். தூணைச் சுற்றி சுருள் ஸ்பிரிங். கீழே ஒரே ஒரு கை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தத் தூண் முழுவதுமே திரும்பும். ஆட்டத்தை அடக்குவது, எடையைத் தாங்குவது, சக்கரத்தைச் சாயாமல் நிமிர்த்திப் பிடிப்பது என்று மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டார் மனுஷன்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. இத்தாலியின் ஃபியட் கம்பெனியில் இருந்த குய்தோ ஃபோர்னாகா 1920-களிலேயே இதைப் போன்ற ஒரு அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் லட்சக்கணக்கில் செய்யக்கூடிய மலிவான காருக்குள் அதைக் கொண்டுவரும் வேலை அப்போது நடக்கவில்லை. மேக்ஃபர்சனுக்கு உதவியது இன்னொரு மாற்றம். தனி சேசிஸ் இல்லாமல் பாடியே எலும்புக்கூடாகவும் இருக்கும் மோனோகாக் கார்கள் அப்போது வந்துகொண்டிருந்தன. உயரத்தில் ஸ்ட்ரட்டின் தலையை மாட்ட உறுதியான இடம் அந்தப் பாடியில்தான் கிடைக்கும்.

கேடட்டின் நான்கு சக்கரங்களுக்கும் இந்த அமைப்பைத்தான் வைத்தார். சோதனை வண்டிகள் ஓடின. 1947-ல் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார்கள். அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கேடட்டைக் கைவிட்டது.

காரணம் எளிமையானது. போருக்குப் பிறகு மக்கள் கையில் பணம் இருந்தது. இருக்கும் பெரிய கார்களுக்கே வரிசையில் நின்றார்கள். செய்யும் காரெல்லாம் விற்றுவிடும்போது, லாபம் குறைந்த சின்ன காருக்கு எதற்குத் தனித் தொழிற்சாலை, எதற்கு இரும்பு? கம்பெனியின் கண்ணோட்டத்தில் அது தவறான முடிவு என்றும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு ஆண்டு உழைப்பை மூட்டை கட்டி வைக்கச் சொன்னால் எந்த இன்ஜினீயருக்கும் மனசு ஆறாது. அதே 1947-ல் மேக்ஃபர்சன் வேலையை விட்டுவிட்டுப் போட்டிக் கம்பெனியான ஃபோர்டில் சேர்ந்துவிட்டார்.

எதிர்க் கடையில் பிறந்த பெயர்

ஃபோர்டில் அந்த யோசனையை மறுபடி கையில் எடுத்தார். 1949-ல் ஃபோர்டு சார்பில் இன்னொரு காப்புரிமை விண்ணப்பம் போனது. ஜெனரல் மோட்டார்ஸுக்காகச் செய்ததும் ஃபோர்டுக்காகச் செய்ததும் 1953-ல்தான் பதிவாயின.

ஆனால் அமெரிக்க ஃபோர்டு கார்களில் ஸ்ட்ரட் உடனே வரவில்லை. அவை அப்போதும் தனி சேசிஸ் வைத்த பெரிய வண்டிகள்; இடப் பற்றாக்குறை கிடையாது. வாய்ப்பு வந்தது கடல் தாண்டி, பிரிட்டனிலிருந்து. 1950 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் பிரிட்டிஷ் ஃபோர்டு தன் கான்சல், செஃபிர் கார்களைக் காட்டியது. மோனோகாக் பாடி, முன்பக்கம் ஸ்ட்ரட். மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் பெரிய அளவில் சாலைக்கு வந்தது அந்தக் கார்களில்தான்.

1952-ல் மேக்ஃபர்சன் ஃபோர்டின் இன்ஜினீயரிங் துறைத் தலைமைக்கு உயர்ந்தார். அதே ஆண்டு வந்த லிங்கன் காரின் முன் சஸ்பென்ஷனில் பழைய கிங் பின்னுக்குப் பதிலாக பால் ஜாயின்ட் வந்தது. பிறகு மற்ற ஃபோர்டு கார்களுக்கும் அது பரவியது. இன்று அலைன்மென்ட் கடையில் பால் ஜாயின்ட் ஆடுது சார் என்று ஒருவர் சொன்னால், அந்த வழியிலும் மேக்ஃபர்சன் காலத்து ஃபோர்டுக்கு ஒரு பங்கு உண்டு.

மாருதி வந்த பிறகு

நம் ஊரில் நீண்ட காலம் ஸ்ட்ரட்டுக்கு வேலையே இல்லை. அம்பாசடரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. முறுக்குக் கம்பிதான் எடையைத் தாங்கியது. பின்னால் பட்டை ஸ்பிரிங். பிரீமியர் பத்மினியில் முன்பக்கம் இரட்டைக் கை, சுருள் ஸ்பிரிங். இரண்டுமே 1950-களின் வடிவமைப்பு. தெருமுனை மெக்கானிக்குக்கு இந்த வண்டிகள் தலைகீழ்ப் பாடம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் இந்திய நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்தது. இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், முன் சக்கரமே வண்டியை இழுக்கும். அந்தச் சின்ன முன்பக்கத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் அடங்க வேண்டும் என்றால் மேல் கைக்கு இடமே கிடையாது. ஃபோக்ஸ்வாகன் 1974-ல் கோல்ஃப் காரில் செய்ததும் இதேதான். 1,000 டாலர் கேடட்டுக்காக யோசித்தது, உலகத்தின் மலிவு கார்களுக்கெல்லாம் சட்டை மாதிரி பொருந்திவிட்டது. இன்று மாரண்டஹள்ளி பேருந்து நிலையம் பக்கம் நிற்கும் ஹேட்ச்பேக், காம்பாக்ட் எஸ்யூவி எதை எடுத்தாலும் முன்பக்கம் இதுதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

அரை நாள் எங்கே போகிறது?

மூன்று வேலையை ஒரே பாகத்தில் கட்டியதால், அந்தப் பாகம் கெட்டால் மூன்றையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் நடப்பது இதுதான்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். பிரேக் ஹோஸையும் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் விடுவிக்கிறார்கள். பிறகு ஸ்ட்ரட்டைச் சக்கரத் தாங்கியோடு பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட். மழை, சேறு பார்த்த வண்டியில் இந்த இரண்டுக்கு மட்டுமே ஒரு மணி நேரம் போகலாம். பானட்டைத் திறந்து மேல் நட்டுகளைக் கழற்றினால் முழுத் தூணும் கையில் வரும்.

ஆபத்தான இடம் இனிமேல்தான். அந்த ஸ்பிரிங் உள்ளே அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. தலையில் இருக்கும் ஒற்றை நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு இறுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து கை, முகம், எதுவும் தப்பாது. வீடியோ பார்த்து வீட்டிலேயே பண்ணிடலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் தொடக் கூடாத கட்டம் இது. கயிறு, கம்பி கட்டிச் சமாளிக்கிற ஒர்க்‌ஷாப் என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

கருவியும் பழக்கமும் இருந்தால் முன்பக்க ஜோடிக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். துரு பிடித்திருந்தால் நான்கு. அதற்கு மேல் அலைன்மென்ட். அந்த இரண்டு பெரிய போல்ட் இறுகும் நிலைதான் பல வண்டிகளில் சக்கரத்தின் சாய்வை முடிவு செய்கிறது. ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஊரில் அலைன்மென்ட் மெஷின் கிடைக்காவிட்டால் பாலக்கோடோ தர்மபுரியோ போய் வரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் இரண்டு டயருக்குச் செலவு வந்து நிற்கும்.

செலவில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது? சிறிய ஹேட்ச்பேக் என்றால் வெளி மார்க்கெட்டில் முன் ஸ்ட்ரட் ஒன்று ஓரிரு ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. எஸ்யூவி என்றால் அதைவிடப் பல மடங்கு. வெளி மார்க்கெட் என்றாலே மட்டம் என்று பயப்பட வேண்டியதில்லை. 1961-ல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா, கார் கம்பெனிகளுக்கும் ஷாக் அப்சர்பர் கொடுக்கிறது, கடையிலும் தன் பெயரில் விற்கிறது. அதன் தொழிற்சாலைகளில் ஒன்று நம் பக்கத்து ஓசூரில்தான் இருக்கிறது. பில் கேட்டு வாங்குங்கள். போலிப் பெட்டிகள் நடமாடும் தொழில் இது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய வரி போட்ட பில் கையில் வந்தால் கேள்வி கேட்கலாம்.

தலையில் இருக்கும் ரப்பர் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றைப் பிரித்த கையோடு பார்த்துவிட வேண்டும். வெடித்திருந்தால் அப்போதே மாற்றுவதுதான் லாபம். ஆறு மாதம் கழித்து மவுன்ட் சத்தம் போட்டால் மறுபடி அதே மூன்று மணி நேர லேபர், மறுபடி அலைன்மென்ட். ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வதும் மெக்கானிக்கின் தந்திரமில்லை. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் அவசர பிரேக்கில் வண்டி ஒழுங்காக நிற்காது.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கோட்டை விடுவது. கீழ்க் கையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அவற்றை முழுசாக முறுக்கக் கூடாது. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசி முறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். மேல் நட்டைத் திருகும்போது ஸ்ட்ரட்டின் பளபளப்பான தண்டை பிளையரால் பிடிப்பதும் தவறு. அதில் விழும் ஒரு கீறல் ஆயில் சீலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். புது ஸ்ட்ரட் சில மாதங்களிலேயே கசியும்.

சிலருக்குப் பழுது பார்ப்பதோடு ஆசை நிற்பதில்லை. பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் மண் சாலையில் போக வண்டியை உயர்த்தணும், அல்லது ஸ்டைலுக்காகத் தாழ்த்தணும் என்று ஸ்பிரிங்கையே மாற்றுகிறார்கள். அதே அளவில் வேறு பிராண்டு ஸ்ட்ரட் போடுவது பராமரிப்பு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களையே மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்குள் வரும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், மேக்ஃபர்சன் அமைப்பில் உயரத்தை மாற்றினால் சக்கரத்தின் சாய்வும் கூடவே மாறும். மேல் கை இல்லாததன் விலை அது.

கேடட்டுக்குப் பிறகு

மேக்ஃபர்சன் 1958-ல் ஃபோர்டிலிருந்து ஓய்வு பெற்றார். 1960 ஜனவரியில், 68 வயதில் இறந்தார். அப்போது அமெரிக்காவில் செய்யப்பட்ட ஃபோர்டு கார்களின் முன்பக்கத்தில் அவருடைய ஸ்ட்ரட் இல்லை. அவர் அதை முதலில் யோசித்த செவர்லேவோ, 1980 மாடலாக வந்த சைட்டேஷன் என்ற சின்ன காரில்தான் அதை முன்பக்கம் பொருத்தியது. கேடட்டை மூடி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.